எந்த வெள்ளை?

சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் போகும் எங்கள் தெருவில், ஜெரோம் தன் கடைக்கு வெளியே உட்கார்ந்திருப்பதை இந்த ஜூன் மாதத்தில்தான் முதன்முதலாகப் பார்த்தோம். அதுவரை தெருவுக்குத் தெரிந்தது கடைக்குள் இருந்த ஜெரோம்தான். கழற்றி வைத்த டிவிப் பெட்டிக்குள் தலை போயிருக்கும். வெளியே தெரிவது சட்டையின் முதுகு மட்டும். பலருக்கு அவர் முகத்தைவிட முதுகுதான் பழக்கம். இப்போது நீல பிளாஸ்டிக் நாற்காலியில், படிக்கு இந்தப் பக்கம், தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். முகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாதவர்போல் இருந்தார்.

மே மாதம் பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போது மயங்கி விழுந்தார். இதயம் அவ்வப்போது அடிக்க மறந்துவிடுகிறது என்றார்கள். இடது தோளுக்குக் கீழே, தோலுக்கடியில், பேஸ்மேக்கர் வைத்துத் தைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டர் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். பழைய டியூப் டிவி பழுது பார்க்கிற வேலை என்றதும் பேனாவை மூடி வைத்துவிட்டார். டிவி பார்க்கலாம், ஒன்றும் ஆகாது. பின்மூடி கழற்றிய டிவி ஓடிக்கொண்டிருக்கும்போது அதற்குள் குனியக் கூடாது. ஜெரோமே வாய் திறந்து, காந்தக் கறை எடுக்க காயில் என்று ஒரு கம்பிச்சுருள் வளையம் உண்டு, அது எப்படி என்று கேட்டார். அது ஓடுகிற அறையில் நிற்கவே கூடாது என்றார் டாக்டர். நெஞ்சுக்குள் வைத்திருப்பது குழம்பிவிடும்.

ஜெரோமின் மனைவி கிருபா இதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில்தான் நின்றார். நேராக வராண்டாவுக்குப் போய், உக்கடத்தில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் மைதீன் பிச்சைக்குப் போன் போட்டார். கடையில் இருக்கிற டிவி அத்தனையையும் வந்து எடுத்துக்கொண்டு போங்க பாய் என்றார். மைதீன் பிச்சைக்கு முதலில் புரியவில்லை. இத்தனை வருடமாக உடைந்த பெட்டிகளை உதிரிக்காக ஜெரோமுக்குக் கொண்டுவந்து போடுகிறவர் அவர். வண்டி எதிர்ப்பக்கம் ஓடுவது அவருக்கே புதிது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வருவதாகச் சொன்னார்.

ஜெரோமுக்கு வேலைக்குக் குறைச்சல் இருந்ததில்லை. எண்பதுகளில் நடக்கிற கதைக்கு டிவி வேண்டும் என்று சினிமாக்காரர்கள் வருவார்கள். பழைய வீடியோ கேம் பழைய கண்ணாடியில்தான் விளையாட வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும் கல்லூரிப் பையன்கள் வருவார்கள். காரணம் ஏதும் சொல்லாமல், இது ஓடணும் என்று மட்டும் சொல்கிறவர்களும் வருவார்கள். இழுத்து மூடும் மரக்கதவு வைத்த பெட்டி, குமிழ் திருகும் பெட்டி, ரிமோட் தொலைந்த பெட்டி எல்லாம் மூன்று அலமாரி நிறைய இருந்தன.

வேலை சுத்தம். குணத்தில் ஒரு கோணல். படம் சரியாக இருக்கிறதென்று வேறு யார் சொன்னாலும் ஜெரோம் ஒத்துக்கொள்ள மாட்டார். சொந்தக்காரரே திருப்தியாகிப் பெட்டியைத் தூக்கினாலும், "கீழ வைங்க" என்று சொல்லி மறுபடி ஓடவிட்டுப் பார்ப்பார். வீட்டிலும் அப்படித்தான். குழம்புக்கு உப்பு போதும் என்று கிருபா சொன்ன பிறகு கரண்டியை வாங்கி ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டுப் பார்ப்பார்.

மைதீன் பிச்சை வருவதாகச் சொன்ன அந்தச் சனிக்கிழமை காலையில்தான் கொடுமுடியிலிருந்து காளியாத்தாள் வந்து இறங்கினார். ஐம்பது வயதிருக்கும். வீட்டில் மிஷின் போட்டுத் துணி தைக்கிறவர். ஏப்ரல் கடைசியில் ஒரு கலர் டிவியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

"ஏனுங்ணா, வெளிய உக்காந்திருக்கறீங்க? கடைய மூடிப்போட்டீங்களா?"

"மூடலீங்க. என்னைய வெளிய வெச்சு மூடியிருக்குது" என்றார் ஜெரோம்.

உள்ளே இருந்து கிருபா வந்து நடந்ததைச் சொன்னார். காளியாத்தாள் நெஞ்சில் கை வைத்துக் கேட்டார். இப்ப சோறு தண்ணி எப்படி, தூக்கம் எப்படி என்று முறையாக விசாரித்தார். விசாரித்து முடித்து, கொஞ்ச நேரம் தரையைப் பார்த்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அப்ப என்ற டிவிங்க்கா?" என்றார்.

"அதையும் பாய்கிட்ட குடுத்தர்றதுதான். நீங்க வேணும்னா அப்படியே எடுத்துட்டுப் போங்க."

"அப்படியே எடுத்துட்டுப் போயி என்னத்தப் பண்றதுங்? நாளைக்கு என்ற அண்ணன் வாராரு. பொண்ணு கலியாணத்துக்குப் பத்திரிகை வெக்க. எனக்குச் சீர் குடுத்த டிவிங்க இது. போன மாசம் போன்ல, நான் குடுத்ததுல நீ என்னத்த உருப்படியா வெச்சிருக்கறன்னு கேட்டுப்போட்டுச் சிரிச்சாரு. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். உன்ற டிவி இன்னைக்கும் ஓடுது, வந்து பாத்துக்கன்னு சொல்லிப்போட்டேன்."

"அப்ப ஓடலீங்களே" என்றார் ஜெரோம்.

"அதானுங்ணா."

கிருபாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார்.

டிவி பாதிக்கு மேல் சரியாகியிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பே ஜெரோம் செத்துக் கிடந்த பவர் பகுதியை உயிர்ப்பித்திருந்தார். படம் வந்தது, சத்தம் வந்தது. ஆனால் வலது மேல் மூலையில், மழையில் ஊறிய சுவர்போல, ஒரு ஊதாக் கறை. அதில் யார் முகம் வந்தாலும் பாதி கத்தரிக்காய் நிறமாகிவிடும். மிச்சமிருந்த இடத்திலும் வெள்ளை வெள்ளையாக இல்லை.

"அந்த மூலைக்கு மேல என்னத்த வெச்சிருந்தீங்க?" என்று ஜெரோம் கேட்டார்.

"ஒண்ணும் வெக்கலீங்க. ஊசி டப்பா. கத்தரி. அப்புறமு கீழ உழுகற ஊசியப் பொறுக்கறதுக்கு ஒரு காந்தம், பழைய ஸ்பீக்கர்ல கழட்டுனது, சோத்து வட்டல் அகலத்துக்கு…"

ஜெரோம் கண்ணை மூடிக்கொண்டார். "டிவி மேலயா?"

"ஓடாத டிவிதானுங்களே. மேசையாட்டத்தான கெடந்துச்சு."

டியூப்புக்குள் கண்ணாடிக்குப் பின்னால் மெல்லிய இரும்புச் சல்லடை ஒன்று இருக்கிறது. மூன்று நிறமும் அதன் துளைகள் வழியாகத்தான் தன் தன் இடத்துக்குப் போக வேண்டும். அந்தச் சல்லடை வருடக்கணக்கில் காளியாத்தாளின் காந்தத்தைக் குடித்திருந்தது. அதை எடுக்க ஒரே வழி காயில். டாக்டர் அறையில்கூட நிற்காதே என்று சொன்ன அதே காயில்.

கிருபா கடைக்குள் சுவரில் தொங்கிய அந்த வளையத்தைப் பார்த்தார். "இதை நான் பிடிச்சா?" என்றார்.

"நீயா?" என்றார் ஜெரோம்.

அந்த ஒரு வார்த்தையை அவர் வேறு மாதிரி சொல்லியிருக்கலாம்.

"ஏன், நான்தான். இருபது வருசம் மில்லுல ஓடற மிஷினுக்குள்ள கையை விட்டு நூல் முடிச்சவ. உங்க டிவி என்னையக் கடிச்சா திங்கும்?" கிருபா முந்தானையை இழுத்துச் செருகினார். "ஆனா இது ஒண்ணுதான். சாங்காலம் பாய் வந்தா எல்லாத்தையும் ஏத்திப்போடறது. அப்புறம் பேச்சு மாறக் கூடாது."

ஜெரோம் சரி என்று தலையாட்டினார். ஏற்றிவிட்டால் அதன் பிறகு அந்த நீல நாற்காலிதான் என்று அவருக்குத் தெரியும்.

தெருவுக்கு அந்தப் பக்கம் ரிஃபத்தின் பேக்கரி. காயில் ஓடும்போது ஜெரோம் அங்கே இருக்க வேண்டும் என்று முடிவானது. போவதற்கு முன்னால் படியில் நின்று ஒன்றுக்கு மூன்று முறை சொல்லிக் கொடுத்தார். தள்ளி நின்று சுவிட்சை அமுக்கு. அமுக்கியபடியே கிட்டக் கொண்டு போ. திரைக்கு முன்னால் மெதுவாக வட்டம் சுற்று. சுற்றிக்கொண்டே பின்னால் நடந்து வா, வாசல் வரைக்கும். வாசலில் வளையத்தைப் பக்கவாட்டில் திருப்பி, அப்புறம் கையை எடு.

"கிட்ட வெச்சுக் கையை எடுத்தேன்னு வை, இருக்கறதும் போயிரும்."

"தெரிஞ்சுதுங்க. போங்க."

பேக்கரி வாசலில் இருந்து பார்க்கும்போது கிருபாவின் முதுகு தெரிந்தது. வளையம் உறுமத் தொடங்கும் சத்தம் தெருவரைக்கும் கேட்டது. டிவிக்கு முன்னால் அது சுற்றியது, தோசைக்கல்லில் மாவு சுற்றும் வேகத்தில். ஜெரோம் எழுந்தார். "மெதுவா" என்றார். டவுன் பஸ் ஒன்று நடுவில் போனது. பஸ் போனதும் அவர் தெருவின் பாதியில் நின்றார். பிறகு படியருகே போய்விட்டார். "மெதுவா கிருபா, மாவா ஆட்டறே?"

பின்னால் நடந்து வந்துகொண்டிருந்த கிருபா திரும்பினார். கையில் காயில் உறுமிக்கொண்டிருந்தது. முன்னால் புருஷன் நெஞ்சில் வைத்த பேஸ்மேக்கரோடு வந்துகொண்டிருந்தார். கிருபாவின் கட்டைவிரல் தானாக சுவிட்சை விட்டுவிட்டது.

உறுமல் நின்றது. உள்ளே டிவியின் திரை முழுக்கப் பச்சையும் ஊதாவும் சிவப்புமாகக் கோலப்பொடி கொட்டியதுபோல் ஆகியிருந்தது.

"அய்யோ மாரியாத்தா" என்றார் காளியாத்தாள். "இதுக்கு முன்னத்ததே தேவலீங்களே."

கிருபா காயிலைக் கீழே வைத்தார். "எதுக்கு வந்தீங்க?"

"நீ வேகமா சுத்துன."

"அதுக்காக வருவீங்களா? என்ற கையாலயே உங்களுக்கு ஒண்ணு ஆகியிருந்தா அப்புறம் நான் எதைச் சுத்தறது?" குரல் உயரவில்லை. அதனால்தான் ஜெரோமால் நிற்க முடியவில்லை. "நான் சொல்றத நம்புறதா இருந்தா அங்க போய் உக்காருங்க. இல்லாட்டி பாய்க்கு இப்பவே போன் பண்ணி வரச் சொல்றேன். இந்தம்மா அண்ணங்கிட்ட நான் பேசிக்கறேன்."

ஜெரோம் திரும்பித் தெருவைக் கடந்தார். ரிஃபத் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு நாற்காலியை உள்ளே இழுத்து, தெருவுக்கு முதுகாக, ரொட்டி அலமாரியைப் பார்த்தாற்போல் போட்டான்.

"இங்க உக்காருங்ணா. அக்கா டிரைவரு, நீங்க கண்டக்டரு. விசில் மட்டும் ஊதுங்க. ஸ்டியரிங்க எட்டிப் புடிக்காதீங்க."

"இங்கிருந்து ஒண்ணுமே தெரியாதேடா."

"பன்னு தெரியுதுல்ல? அதப் பாருங்க."

ஜெரோம் பன்னைப் பார்த்தார். போனைக் காதில் வைத்துக்கொண்டார். அந்தப் பக்கம் கிருபா தன் போனை வேலை மேசையில் ஸ்பீக்கரில் போட்டு வைத்திருந்தார்.

மறுபடி உறுமல். இந்த முறை போன் வழியாக. சத்தம் பெரிதாகி, கொஞ்ச நேரம் அங்கேயே வட்டமாக நின்று, பிறகு மெல்ல மெல்லத் தேய்ந்துகொண்டு வந்தது. ஜெரோமின் வலது கை தன் மடியில் அதே வேகத்தில் வட்டமிட்டதை ரிஃபத் பார்த்தான். உறுமல் நின்றது.

"போயிருச்சுங்க" என்றார் கிருபா.

"மூலையில?"

"மூலையிலயும் இல்ல. எங்கயும் இல்ல."

"ஓரத்துல லேசா ஊதா…"

"இல்லைன்னு சொன்னேன்."

ஜெரோம் ஒரு மூச்சு விட்டார். இனி வெள்ளை. டிவிடியில் வெறும் வெள்ளைத் திரை போடச் சொன்னார். பின்மூடி கழற்றிய டிவியின் கழுத்தில் ஒரு சின்ன போர்டு இருக்கும். அதில் சிவப்பு, பச்சை, நீலத்துக்கான திருகுகள். பின்னால் கை இருக்கும்போது முன்னால் படம் தெரிவதற்காக எதிரே ஒரு சலூன் கண்ணாடி. இடது கையை இடுப்புச் சேலைக்குள் செருகிக்கொள்ளச் சொன்னார். ஓடுகிற பெட்டிக்குள் ஒரு கைதான் போக வேண்டும். இரண்டு கையும் போனால் கரண்டு நெஞ்சு வழியாகப் போகும். பிளாஸ்டிக் திருப்புளியைத் தவிர வேறு எதுவும் தொடக் கூடாது.

"கண்ணாடியில என்ன தெரியுது?"

"வெள்ளையா இருக்குதுங்க."

"எந்த வெள்ளை?"

ஜெரோம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். இதற்குத்தான் அவர் யாரையும் நம்புவதில்லை. எல்லோருக்கும் எல்லாமே வெள்ளைதான். மஞ்சளடித்ததும் வெள்ளை, நீலமடித்ததும் வெள்ளை. எத்தனையோ வருடம் தன் கண்ணாலேயே பார்த்து நிறுத்தியதை வாயால் எப்படிக் கேட்பது என்று அவருக்கும் தெரியவில்லை.

"கோரா நூல் இருக்குதுல்லங்க" என்றார் கிருபா. "சாயத்துக்குப் போகாத நூல். அந்த வெள்ளை."

ஜெரோம் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் அப்பா மில் தொழிலாளி. கோரா என்றால் அவருக்குத் தெரியும். வெள்ளைதான், ஆனால் பஞ்சின் மஞ்சள் இன்னும் விடாத வெள்ளை.

"நீலத் திருகு. வலது பக்கமா, ஒரு மயிரிழை."

"ம்."

"இப்ப?"

"இப்ப வெளுத்துருச்சு. கொஞ்சம் எச்சா போச்சு. வேட்டிக்குச் சொட்டு நீலம் ரெண்டு சொட்டு அதிகமா உழுந்தாப்பல."

"பாதி திரும்பி வா."

"ம்… இப்ப நீலம் இல்ல. ஆனா உள்ளுக்குள்ள ஒரு செவப்பு நிக்குது. கூர்ந்து பாத்தாத்தான் தெரியும். கோன் கட்டறப்ப வேற லாட்டு நூல் ஒண்ணு கலந்துட்டா, கலர் வெளக்குக்கு அடியில வெச்சாத் தெரியுமே, அப்படி."

கிருபா கடைசி மூன்று வருடம் மில்லில் அந்த விளக்கின் கீழ்தான் நின்றார். வேறு தொகுதி நூல் கலந்துபோன கோனைக் கண்டுபிடித்து ஒதுக்குகிற வேலை. வீட்டில் அதைப் பற்றிப் பேசியிருக்கிறார். ஜெரோம் அப்போதெல்லாம் டிவிக்குள் தலையை விட்டுக்கொண்டு ம் சொல்லியிருக்கிறார்.

"சிவப்பு. இடது பக்கம். தொட்டும் தொடாம."

திருப்புளி திரும்புவது போனில் கேட்காது. ஆனாலும் அவர் காதை அழுத்திக்கொண்டார். கண்ணை மூடியிருந்தார். ரிஃபத் டீயைக் கொண்டுவந்து சத்தமில்லாமல் வைத்தான்.

"நில்லுங்க" என்றார் கிருபா, தனக்கே சொல்லிக்கொள்வதுபோல. பிறகு, "இது எக்ஸ்போர்ட்டுக்குப் போற வெள்ளைங்க."

"ஒரே லாட்டா?"

"ஒரே லாட்டு."

ஜெரோம் கண்ணைத் திறந்தார். எதிரே பன்கள் வரிசையாக இருந்தன. ரிஃபத்துக்கு ஏன் என்று தெரியாதபடி சிரித்தார்.

பின்மூடியை மாட்டி முடிக்கவும், காளியாத்தாள் பேசி வைத்திருந்த, வாழைத்தார் இறக்கிவிட்டுக் கொடுமுடி திரும்பும் வேன் தெருமுனையில் ஹாரன் அடிக்கவும் சரியாக இருந்தது. காளியாத்தாள் பேக்கரிக்கே ஓடி வந்தார்.

"ஏனுங்ணா, இப்பத்தான் மூடியாச்சே, வரலாமில்லங்க? ஒருக்கா வந்து பாத்துப்போட்டு நல்லா இருக்குதுன்னு உங்க வாயால சொல்லிப்போடுங்க. என்ற அண்ணன் நெம்ப நொட்டை சொல்ற ஆளு."

ஜெரோம் எழுந்தார். தெருவுக்கு அந்தப் பக்கம், திறந்த கதவுக்கு உள்ளே, டிவி அவர் நின்ற இடத்துக்குப் பக்கவாட்டாக இருந்தது. நாலு எட்டு வைத்தால் திரை தெரியும். கிருபா மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார், இந்தப் பக்கம் பார்க்காமல்.

"அவ பாத்துட்டா" என்றார் ஜெரோம். "வேன்ல ஏத்துங்க. இனிமேல் காந்தத்தை மட்டும் அதும்மேல வெக்காதீங்க அம்மணி."

"இனி அதத் தலகாணிக்கு அடியில வெச்சுக்கறனுங்" என்று சொல்லிவிட்டுப் போனார் காளியாத்தாள்.

வெயில் சாய்ந்ததும் மைதீன் பிச்சையின் குட்டியானை வண்டி வந்து பின்பக்கமாகத் திரும்பி நின்றது. இறங்கி, அலமாரிகளை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"எல்லாம் ஏத்திரலாமாண்ணே?"

ஜெரோம் படியில் நின்றார். காலையில் கொடுத்த வார்த்தை வார்த்தைதான். "அவளைக் கேளுங்க பாய்" என்றார்.

கிருபா ஒவ்வொரு பெட்டியாகத் தொட்டுக்கொண்டு வந்தார். "இந்த ரெண்டும் டியூப் வெடிச்சது. கொண்டு போங்க. அதுல உள்ளயே ஒண்ணும் இல்ல, கூடுதான். கொண்டு போங்க." மரக்கதவு வைத்த பெட்டியின் முன்னால் நின்றார். "இது?"

"சினிமாக்காரங்களது. புதன்கிழமை கேப்பாங்க" என்றார் ஜெரோம்.

"அப்ப புதன்கிழமைக்குள்ள முடிக்கணுமே" என்றார் கிருபா. மைதீன் பிச்சை ஜெரோமைப் பார்த்தார். ஜெரோம் மைதீன் பிச்சையைப் பார்த்தார்.

"ஏந்தங்கச்சி, போன்ல எல்லாம்னு சொன்னியே. நான் குட்டியானை புடிச்சுட்டு வந்திருக்கேன். இந்த மூணு கூட்டுக்கு என்ற டிவிஎஸ்ஸே போதுமே."

"அடுத்த தடவை அதுல வாங்க பாய். வர்றப்ப நல்ல டியூப் கெடைச்சாப் போட்டுட்டு வாங்க."

வண்டி போன பிறகு ஜெரோம் வாசற்படியிலேயே நின்றார். கேட்கலாமா வேண்டாமா என்று யோசிப்பதுபோல் இருந்தது.

"கரண்டு இருக்கற வரைக்கும் பொட்டி என்னுது" என்றார் கிருபா. "கரண்டு இல்லாதப்ப உங்களது. ஈயம் பத்த வெக்கறது, கழட்டறது, என்ன வேணாப் பண்ணுங்க. ஆனா நான் கூப்பிட்ட பொறகுதான் உள்ள கால் வெக்கோணும்."

மரக்கதவுப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கி, ஜெரோமுக்குத் தெரிவதுபோல் தூக்கிக் காட்டிவிட்டு மேசை மேல் போட்டார். பின்மூடியைக் கழற்றினார். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டியூப்பில் கரண்டு மிச்சம் நிற்கும்; ஜெரோம் அதை இறக்குவதை எத்தனையோ முறை பார்த்தவர் அவர். ஒரு முனை டிவியின் இரும்புச் சட்டத்தில் கட்டிய வயரின் மறுமுனையை நீளத் திருப்புளியில் சுற்றி, இடது கையைச் சேலைக்குள் செருகிக்கொண்டு, டியூப்பின் ரப்பர் மூடிக்கு அடியில் மெல்ல நுழைத்தார். டப் என்று ஒரு சத்தம். சின்ன நீலப் பொறி. கொஞ்சம் பொறுத்து மறுபடி நுழைத்தார். இந்த முறை சத்தம் வரவில்லை.

"ம், வாங்க" என்றார்.